கரணை ஏற்றிய நாள்

எழுபத்திரண்டு மணி நேரத்தில் பதினேழு போய்விட்டிருந்தது. கடிதம் வேண்டாத அஞ்சல்களோடு சேர்ந்து, ஒரு கடன் விளம்பரத்துக்கும் ஒரு லாட்டரிப் பரிசுக்கும் நடுவில் கிடந்தது. வந்தது அதிகாலை ஒரு மணிக்கு. அர்ச்சனா பார்த்தது வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு. நான்கே வரிகள். உங்கள் படிவம் கிடைத்தது. கீழே உள்ள இணைப்பிலிருந்து மென்பொருளின் புதிய பதிப்பை இறக்கிக்கொள்ளலாம். படிவத்தில் நீங்கள் எழுதியிருக்கும் கல்லூரியின் இணைய முகவரியிலிருந்து வந்தால் மட்டுமே இணைப்பு திறக்கும். எழுபத்திரண்டு மணி நேரத்துக்குப் பின் மூடிவிடும்.

அவள் விரல்விட்டு எண்ணினாள். ஞாயிறு அதிகாலை ஒரு மணி. கல்லூரி திறந்திருப்பது வெள்ளியும் சனியும். சனி அரை நாள்.

அந்த மென்பொருளை எழுதியவர் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இருக்கும் ஒரே ஒரு மனிதர். கடையில் வாங்க முடியாது. படிவத்தை அச்செடுத்து, துறைத் தலைவர் பேனாவால் கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து அவருக்கு அனுப்ப வேண்டும். துறைத் தலைவர் புவனேஸ்வரி மேடம் சென்னைக் கல்லூரிக்கு மாறிப் போகிற கடைசி வாரத்தில், பெட்டிகளுக்கு நடுவில் நின்றபடி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மார்ச்சோடு அர்ச்சனா வேலை பார்த்த ஆய்வுத் திட்டம் முடிந்தது. அவள் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொந்த ஊரான மடுகரைக்கு வந்தாள். படிவம் போய் இரண்டு மாதம் கழித்து இந்தப் பதில்.

டி.என்.ஏ.வைக் கருவி முழுசாகப் படிக்காது. சின்னச் சின்னத் துண்டுகளாகத்தான் படிக்கும். அந்தத் துண்டுகளை ஒன்றின் விளிம்பு இன்னொன்றின் மேல் ஏறும்படி அடுக்கிக்கொண்டே போனால் முழு நீளமும் கிடைக்கும், மோட்டார் கொட்டகைக்குக் கீற்று வேய்வதைப் போல. அப்படி அடுக்கியதைக் கண்ணால் பார்ப்பதற்குத்தான் அந்த மென்பொருள். எங்கே நாற்பது கீற்று கனமாகப் படிந்திருக்கிறது, எங்கே இரண்டே கீற்று நின்று மழை ஒழுகும் என்று பார்க்கலாம். அவளிடம் இருந்தது ஆறு வருடத்துக்கு முந்தைய பதிப்பு. புதுக் கருவி படித்த துண்டுகளில் பாதிக்கு மேல் அதற்குப் புரியாது. புரியாததை ஒதுக்கிவிட்டு மீதியைக் காட்டும்.

வாசலில் வண்டி நின்றது. அப்பா கண்ணையன் கால் சேற்றைக் குழாயடியில் கழுவிக்கொண்டே கேட்டார்.

"வந்துச்சா?"

"வந்துருக்குபா. காலேஜிக்குப் போய்தான் எடுக்கணும்."

"அமெரிக்காக்காரன் குடுக்கறான். காலேஜிக்காரன் இன்னாத்துக்கு நடுவுல?"

"அந்த அட்ரஸ்தான் எழுதிக் குடுத்தோம்."

"சரி, போயாந்துரு. ஞாயித்துக்கெழம வீரப்பன் வரான். திங்கக்கெழம திருபுவனையில கம்பெனி வாச்மேனா சேர்றானாம். போறதுக்குள்ள கேட்டுட்டுப் போட்டும். தண்ணி கட்டத் தெரியாதவன் கரும்பு வெச்சா இன்னா ஆவும்னு." முகத்தைத் துண்டால் துடைத்தார். "ரெண்டு நோவும் வேறன்னு ஒரு பேப்பர்ல போட்டுக் குடு, போதும். ஊரு வாயெல்லாம் மூடிக்கும்."

அவள் தலையை ஆட்டினாள். அந்த வீட்டில் அவள் பதில் பெரும்பாலும் அதுதான்.

போன வருடம் தை மாதம் வீரப்பன் இரண்டு காணி குத்தகைக்குப் பிடித்தார். அவர் அப்பாவும் அவரும் கண்ணையன் வீட்டுக் கழனியில் இருபத்தைந்து வருடம் கூலிக்குக் கரும்பு வெட்டியவர்கள். தன் பெயரில் கரும்பு வைப்பது அவர் குடும்பத்தில் அதுதான் முதல் தடவை. வைத்த பிறகும் இங்கே கூலிக்கு வந்துகொண்டுதான் இருந்தார். விதைக் கரணை, அதாவது நடுவதற்கான கரும்புத் துண்டு, கேட்டு வந்தார். கண்ணையன் மறுக்கவில்லை. தெருவில் நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளும்படியே கொடுத்தார்.

விதை வீட்டைவிட்டுப் போகும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். முதல் கட்டு ஏறியதிலிருந்து டிப்பர் தார் ரோட்டைத் தொடும் வரை பேச்சு கிடையாது. பேசினால் முளை பேச்சோடு போய்விடும் என்பார் கண்ணையன். அன்று வீரப்பன் புது வேட்டி கட்டியிருந்தார். வேட்டியில் கடைக்காரன் மடித்த மடிப்பு அப்படியே இருந்தது. கண்ணையன் முதல் கரணையைத் தன் கையால் வெட்டி அவர் கையில் கொடுத்தார். வெட்டிய கரும்பெல்லாம் கட்டைக் கரும்பு, முதல் அறுவடைக்குப் பின் அடிக்கட்டையிலிருந்து மறுபடி தழைத்தது. நல்ல நடவுக் கரும்பை ஆலைக்கு வைத்துக்கொண்டு கட்டைக் கரும்பை விதைக்குக் கொடுப்பது ஊரில் எல்லாரும் செய்வதுதான். அர்ச்சனா மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு டிப்பர் பக்கத்தில் நின்றாள். கட்டுகள் ஒவ்வொன்றாக அவள் முகத்துக்கு நேராக ஏறின. யாரும் பேசவில்லை. அவளும் பேசவில்லை. பொதுவாகவே பேசாதவள் என்பதால் அவள் பேசாததை யாரும் தனியாகக் கவனிக்கவில்லை.

ஐப்பசியில் வீரப்பன் கரும்பு மூன்றாவது தோகையிலிருந்து மஞ்சளானது. பிளந்து பார்த்தால் உள்ளே சிவப்பு, சிவப்புக்குக் குறுக்கே வெள்ளைத் திட்டு, புளித்த கள் வாடை. செவ்வழுகல், விதைக் கரணையோடும் வெட்டும் கத்தியோடும் பரவும் பூஞ்சை நோய். ஒரு மாதத்தில் இரண்டு காணியும் நின்றபடியே காய்ந்தது. கண்ணையன் கழனியிலும் ஒரு மூலையில் கொஞ்சம் காய்ந்திருந்தது. விதை அங்கேயிருந்து போனதுதானே என்று ஊர் பேசியது. அது குருத்துப்பூச்சி, வேற நோவு என்றார் கண்ணையன். வீரப்பனுடைய கரும்பு தேங்கிய தண்ணீரால் அழுகியது என்றார். டீக்கடையில் அதையே சொன்னார். ஆலை ஆளிடமும் சொன்னார். மூன்றாவது தடவை சொல்லும்போது, "எம் பொண்ணு டி.என்.ஏ. படிச்சிருக்குது, அது பாத்துச் சொல்லும்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அவள் இரண்டு கழனியிலிருந்தும் தண்டு வெட்டிக் கல்லூரிக்கு எடுத்துப் போனாள். ஒப்பிட்டுப் பார்க்கப் பாகூர்ப் பக்கத்திலிருந்து ஒன்று. மேடம் திட்டத்தின் மாதிரிகளோடு இந்த மூன்றையும் சேர்த்து டி.என்.ஏ. படிக்க அனுப்பினார். மூன்றிலும் அதே பூஞ்சைதான் இருந்தது. பூஞ்சையிலும் வகை உண்டு. பாகூர்க் கரும்பில் இருந்தது தொட்ட இடமெல்லாம் வேறாக இருந்தது. வீட்டுக் கரும்பில் இருந்ததும் வீரப்பன் கரும்பில் இருந்ததும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருந்தன, ஒரே ஓர் இடத்தைத் தவிர. அந்த இடத்தில் பழைய பதிப்பு மூன்று துண்டுதான் காட்டியது. இரண்டு துண்டு, இரண்டு கரும்பிலும் ஒரே வகை என்றது. ஒரு துண்டு வேறு என்றது.

அந்த ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இரண்டு மாதம் ஓட்டினாள். புதிய பதிப்பில் ஒதுக்கப்பட்ட துண்டுகளும் தெரியும். அவையும் வேறு என்று சொல்லலாம். சொல்லாது என்று படித்த மூளைக்குத் தெரியும். ஆனாலும் சொல்லலாம்.

வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் நெட்டப்பாக்கம் வழியாகப் போய், வில்லியனூரில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் கல்லூரிக்குப் போனாள். கேட்டிலேயே ஜெனரேட்டர் சத்தம் கேட்டது. பராமரிப்புக்காக மாலை ஐந்து மணி வரை மின்சாரம் கிடையாது. ஜெனரேட்டர் அலுவலகத்துக்கு மட்டும். ஆய்வகத்தில் உதவியாளர் லில்லி ஜன்னல்களைத் திறந்துவைத்துவிட்டு, தரையில் ஓடிய தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி, எலும்பா வந்து நிக்கற? வூட்டுல சோறு போடறாங்களா இல்லியா?"

"நெட் வேணும்க்கா. ஒரு மணி நேரம் போதும்."

"கரண்டே இல்ல, நெட்டுக்கு எங்க போறது? மேடம் சென்னைக்குப் போய்ட்டாங்க. நீ வூட்டுக்குப் போய்ட்ட. நானும் இந்த ஃப்ரிட்ஜும்தான் பேசிக்கினு கெடக்கறம். இன்னிக்கி அதுவும் பேசல."

அர்ச்சனா கடிதத்தைக் காட்டி விஷயத்தைச் சொன்னாள். லில்லி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கேட்டாள். "அப்ப ரேஷன் மாரி. அட்டையில போட்ட கடைக்குத்தான் வரணும், போட்ட தேதிக்குத்தான் வரணும். வந்தா கடை மூடியிருக்கும்." சிரித்தாள். பிறகு, அர்ச்சனா சிரிக்காததைப் பார்த்து, "நாளைக்கி வா. பாத்துக்கலாம்" என்றாள்.

உறைபெட்டியின் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே பனி உருகிச் சொட்டியது. அவள் கையெழுத்தில் ஒட்டிய குப்பிகள் அதே வரிசையில் நின்றன. க. வீ. பா. மூன்றின் மை மட்டும் நனைந்து இறங்கியிருந்தது. அவள் ஒரு துணியை எடுத்து, லில்லிக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து தரையைத் துடைக்கத் தொடங்கினாள்.

சனிக்கிழமை மின்சாரம் இருந்தது. ஆய்வகத்தின் இணைய வயரை அட்மிஷன் மேசைக்கு இழுத்துப் போயிருந்தார்கள். முன்கூடத்தில் பெற்றோர் வரிசை. லில்லி அலுவலகக்காரரிடம் ஏதோ சொன்னாள், அவர் ஏதோ சொன்னார், லில்லி இன்னும் சத்தமாகச் சொன்னாள். கடைசியில் இருபது நிமிடம் கிடைத்தது. அர்ச்சனா மேசையின் ஓரத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து தன் லேப்டாப்பில் வயரைச் செருகினாள். இணைப்பு திறந்தது. பச்சைக் கோடு நகரத் தொடங்கியது. நான்கு சதவீதம். ஏழு.

வரிசையில் நின்ற ஒருவர் கையில் படிவத்தோடு குனிந்தார். பக்கத்தில் அவர் மகள், இரட்டைச் சடையோடு.

"நீ இங்க படிச்ச பொண்ணாம்மா?"

"ஆமாங்க."

"இந்த பயோ... பயோ இன்பர்மேட்டிக்ஸ். இது படிச்சா வேல கெடைக்குதா?"

அந்தப் பெண் அர்ச்சனாவைப் பார்த்தாள். முப்பத்தொன்பது சதவீதம். அர்ச்சனா இரண்டு பேரையும் பார்த்துவிட்டுத் திரைக்குத் திரும்பினாள்.

"கெடைக்கும்" என்றாள்.

அவர் திருப்தியாக நிமிர்ந்தார். பச்சைக் கோடு ஓரத்தைத் தொட்டபோது பத்தொன்பது நிமிடம் ஆகியிருந்தது. எழுபத்திரண்டில் இன்னும் பதினான்கு மணி நேரம் மீதி இருந்தது. அதை வைத்துக்கொண்டு செய்வதற்கு ஒன்றும் இல்லை.

மடுகரையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது நிறுத்தத்தில் வீரப்பன் நின்றிருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே மடித்த நீலச் சட்டை தெரிந்தது. அவரை எப்படிக் கூப்பிடுவது என்று அவளுக்கு முடிவான சொல் இல்லை. சின்ன வயதில், அப்பா கூப்பிடுவதைக் கேட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள். அப்பாவை விடப் பத்து வயதுதான் சின்னவர். கல்லூரிக்குப் போனபின் அந்தப் பெயர் நாக்கில் வரவில்லை. வேறு எதுவும் அந்த இடத்துக்கு வரவில்லை. ஆகவே கூப்பிடுவதே இல்லை.

"இன்னா பாப்பா, காலேஜிலருந்தா?"

"ம்."

"யூனிபார்ம் குடுத்துட்டானுங்க. சட்ட ரெண்டு சைசு பெருசு." பையைத் தூக்கிக் காட்டினார். "நல்லா ஒக்காந்துகினு இருக்கற வேலதான். கேட்டத் தொறக்கணும், மூடணும். எம் பொண்ணு சொல்லுது, அப்பா இனிமே வெயில்ல நிக்க வேணாம்னு."

அவள் சிரிக்கப் பார்த்தாள்.

"அண்ணன் நாளைக்கி வரச் சொன்னாரு. ரிசல்ட்டு வருதுன்னாரு." அவர் குரலைத் தாழ்த்தவில்லை. பாரத்தை இறக்கி வைப்பதுபோலச் சொன்னார். "போன கரும்பு போய்டிச்சி பாப்பா. அது வராது. நான் இன்னா தப்பு பண்ணன்னு மட்டும் தெரிஞ்சா போதும். அண்ணன் சொன்ன மாரிதான் தண்ணி கட்னன். ஒரு நாளு கூட தேங்க விடல. பொண்டாட்டியக் கேட்டுப் பாரு, மழ பேஞ்ச அன்னிக்கெல்லாம் மம்பட்டியோடதான் கெடந்தன். அப்பறம் எங்க தப்புச்சின்னு யோசிச்சி யோசிச்சிப் பாக்கறன். தெர்ல."

அவள் தோளில் லேப்டாப் பை கனத்தது. "நாளைக்கி" என்றாள். 

ஞாயிறு விடிந்ததும் மென்பொருளை நிறுவ உட்கார்ந்தாள். ஒரு கோப்பு இல்லை என்றது. அதை இறக்கினால், அதற்கு வேண்டிய வேறொன்று இல்லை என்றது. ஐந்தாவது கோப்பை இறக்கும்போது போனில் டேட்டா தீர்ந்தது. அம்மாவின் போனை வாங்கி அதிலிருந்து இணைத்தாள். கறுப்புத் திரையில் எழுத்துகள் வரிவரியாக ஏறின, நின்றன, மறுபடி ஏறின. ஒன்பதரை மணிக்குப் புதிய பதிப்பு எந்தச் சத்தமும் இல்லாமல் திறந்தது. ஓரங்கள் கூர்மையாக, எழுத்துகள் தெளிவாக இருந்தன. பழையதைவிட அழகாக இருந்தது. அவளுக்குப் பயமாக இருந்தது.

கூடத்தில் கண்ணையன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வீரப்பன் வாசற்படிக்கு வெளியே, செருப்பைக் கழற்றிவிட்டு, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"இன்னாம்மா, வேல செய்யுதா?"

"தொறந்துருச்சிபா."

"இங்க எடுத்தா. அவனும் பாக்கட்டும்."

அவள் லேப்டாப்பை வெளியே எடுத்து வந்து ஒரு ஸ்டூலில் வைத்தாள். அந்த ஓர் இடத்துக்குப் போனாள். மூன்று துண்டுகள் நின்ற இடத்தில் இப்போது இருபத்தேழு துண்டுகள் இருந்தன. மேலிருந்து கீழே எண்ணினாள். கீழிருந்து மேலே எண்ணினாள். வேறு என்று சொன்ன அந்தத் துண்டின் ஓரம் மங்கலாக இருந்தது. கருவி சரியாகப் படிக்காத இடம் என்று புதிய பதிப்பு அதைச் சாம்பல் நிறத்தில் காட்டியது. மீதி இருபத்தாறும் ஒரே டி.என்.ஏ. எழுத்தைச் சொன்னன. வீரப்பன் கரும்பின் பூஞ்சையில் இருந்த அதே எழுத்து.

"இன்னா சொல்லுது?" என்றார் கண்ணையன்.

"ஒண்ணுதான்பா."

"எது?"

"நம்ம கரும்புல இருந்ததும் அவங்க கரும்புல இருந்ததும். ரெண்டும் ஒரே நோவு. ஒரே எடத்துலருந்து வந்தது."

கண்ணையன் திரையைப் பார்த்தார். வண்ண எழுத்துகளில் அவருக்கு எதுவும் புரிந்திருக்காது. நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். முகத்தில் இருந்த இறுக்கம் மெதுவாக இறங்கியது. அவர் எதையோ கண்டுபிடித்துவிட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது.

"பாத்தியா" என்றார். "அப்ப பூச்சி இல்ல. இவங்கிட்டருந்துதான் எனக்கு வந்துருக்குது. இவன் கயினியில வெட்டன கத்தியதான எடுத்துகினு வந்து எங் கயினியில வெட்டனான்? நானும் பூச்சி பூச்சின்னு சொல்லிகினு கெடந்தன். வீரப்பா, கேட்டியாடா?"

அப்படியும் இருக்கலாம். திரையில் இருந்த இருபத்தாறு துண்டுகளும் அதை மறுக்கவில்லை. இரண்டும் ஒன்று என்றுதான் அவை சொல்லும். யாரிடமிருந்து யாருக்கு என்று எந்தப் பதிப்பும் சொல்லாது. அதை அவள் முதல் வருடத்திலேயே படித்திருக்கிறாள். இரண்டு மாதமாக அதை நினைக்காமல் இருந்திருக்கிறாள்.

வீரப்பன் தூணிலிருந்து கையை எடுத்தார். தலையை மெதுவாக ஆட்டினார். ஒரு வழியாகக் கிடைத்துவிட்டது என்பதுபோல.

"கத்தியா" என்றார். "அத யோசிக்கலியே நான். கழுவிட்டுதான் வெட்டனன். சரியா கழுவலியோ இன்னாவோ." பிறகு கண்ணையனைப் பார்த்து இரண்டு கையையும் சேர்த்தார். "மன்னிச்சிக்கங்கண்ணா. ஒங்களுக்கும் சேத்துக் கெடுத்துட்டன்."

"சரி வுடு, வுடு" என்றார் கண்ணையன். பெருந்தன்மையாகவே சொன்னார். "எம்மா, அவனுக்கு ஒரு டீ போடு."

அம்மா உள்ளே அடுப்பைப் பற்றவைக்கும் சத்தம் கேட்டது. வீரப்பன் செருப்பைத் தேடிக் காலை நீட்டினார். லேப்டாப்பின் திரை தானாக மங்கியது. அர்ச்சனா அதைத் தொடவில்லை. வாசலுக்கு அப்பால், அன்று டிப்பர் நின்ற இடத்தில், ஒரு கோழி மண்ணைச் சீய்த்துக்கொண்டிருந்தது. அங்கிருந்து பார்த்தால் தார் ரோடு தெரியும். டிப்பர் அந்த ரோட்டைத் தொட்டுப் பதினாறு மாதம் ஆகியிருந்தது.

"வீரப்பண்ணா" என்றாள்.

இரண்டு பேரும் திரும்பினார்கள். அப்பா நாற்காலியில், அவர் படிக்கு வெளியே, ஒரு காலில் செருப்போடு.

"கத்தியில்லண்ணா. கரண ஏத்தன அன்னிக்கே நான் பாத்தன். கடைசிக் கட்டு. வெட்டு வாயெல்லாம் செவப்பா இருந்துச்சி."